டெல்லியில ஒரு ப்ரின்சிபல் கான்ட்ராக்ட்: சேர்றதுக்கு முன்னாடி பேசினதும் வெளிய வந்தப்போ கைகொடுத்ததும்

இது நான் கூட இருந்து பார்த்த விஷயம். சம்பந்தப்பட்டவங்க அனுமதியோடதான் எழுதறேன், ஆள் பேர் ஸ்கூல் பேர் எதுவும் வராது, அடையாளம் தெரியக்கூடாதுன்னு ஒண்ணு ரெண்டு விவரத்தை மாத்தியிருக்கேன். நான் வக்கீல் கிடையாது, இருபது வருஷம் ஹெச்ஆர்ல இருந்தவன், அப்பாயின்ட்மென்ட் லெட்டரை மேஜைக்கு அந்தப் பக்கத்துல உக்காந்து நிறைய எழுதியிருக்கேன், அதனாலதான் அந்த ப்ரின்சிபல் போஸ்ட்டுக்கு ஆஃபர் வந்த அக்கா என்கிட்ட கேட்டாங்க. டெல்லி, நொய்டா, குர்கான்ல நம்ம ஆளுங்க நிறைய பேர் வைஸ் ப்ரின்சிபலா இருந்து அடுத்த படிக்கு போற வயசுல இருக்காங்க, அவங்களுக்கு உதவும்னு முழுசா எழுதறேன்.

பின்னணி

அக்காவுக்கு அப்போ 49 வயசு. கும்பகோணம் பக்கம், கல்யாணம் ஆகி டெல்லி வந்தவங்க, மயூர் விஹார் ஃபேஸ் 1ல வீடு. கிழக்கு டெல்லியில ஒரு சிபிஎஸ்இ தனியார் ஸ்கூல்ல 2004ல பிஜிடியா, அதாவது பதினொண்ணு பன்னெண்டாவதுக்கு ஃபிசிக்ஸ் டீச்சரா சேர்ந்து, கடைசி ஆறு வருஷம் வைஸ் ப்ரின்சிபல். அந்த ஸ்கூல் நேர்மையான ஸ்கூல், ஏழாவது சம்பள கமிஷன்படி லெவல் 10ல சம்பளம், பேசிக் 80,000, அப்போ டிஏ (பஞ்சப்படி) 38 சதவீதம், ஹெச்ஆர்ஏ (வீட்டு வாடகைப்படி) 27 சதவீதம், டிராவல் அலவன்ஸ் எல்லாம் சேர்த்து மாசம் ஒரு லட்சத்து 42 ஆயிரம் கிட்ட வந்துச்சு, பிஎஃப் முழு பேசிக்குக்கும் டிஏவுக்கும் பிடிச்சாங்க.

2022 டிசம்பர்ல துவாரகா பக்கம் ஒரு ஸ்கூல்ல இருந்து ப்ரின்சிபல் போஸ்ட்டுக்கு கூப்பிட்டாங்க. ரெண்டு இன்டர்வியூ முடிஞ்சு, வருஷம் 30 லட்சம்னு வாயால சொல்லி, மெயில்ல ஆஃபர் லெட்டர். அந்த ஞாயித்துக்கிழமை மலை மந்திர்ல பார்த்தப்போ அக்கா சொன்னது இதுதான்: "டேய் தம்பி, வாழ்நாள் பூரா பாடம் எடுத்துட்டேன், உக்காந்து காசு பேச எனக்கு கூச்சமா இருக்குடா, நீ ஒருதடவை படிச்சு பாரு, சரின்னா கையெழுத்து போட்டுடறேன்." படிச்சு பார்த்தேன். அன்னிக்கு ராத்திரியே போன் பண்ணி போடாதீங்கன்னு சொன்னேன்.

முதல்ல வந்த லெட்டர்ல என்ன இருந்துச்சு

முதல்ல காசு. 30 லட்சத்தை பிரிச்சா பேசிக் மாசம் 75,000தான், இப்ப வாங்கற 80,000ஐ விட கம்மி. ஆறு லட்சம் வேரியபிள், அதாவது இலக்கை எட்டினா மட்டும் வர்ற காசு, அதுவும் "மேனேஜ்மென்ட் முடிவுக்கு உட்பட்டது". ஸ்கூல் கட்டற பிஎஃப் மாசம் 1,800, அதாவது 15,000 ரூபாய் சீலிங்குக்கு 12 சதவீதம், அதையும் 30 லட்சத்துக்குள்ள சேர்த்திருந்தாங்க. கிராஜுவிட்டின்னு (வேலைய விடறப்போ மொத்தமா வர்ற பணிக்கொடை) பேசிக்ல 4.81 சதவீதம், இன்ஷூரன்ஸ் பிரீமியம், எல்லாமே அதுக்குள்ளதான். இதெல்லாம் கழிச்சா கைக்கு மாசாமாசம் நிச்சயமா வர்றது, டாக்ஸுக்கு முன்னாடி, ஒரு லட்சத்து 92 ஆயிரத்து சொச்சம். அக்கா ரெண்டரை லட்சம்னு நினைச்சுட்டு இருந்தாங்க.

காசு கூட பரவால்ல, மத்த ஷரத்துதான் பயமா இருந்துச்சு. மூணு வருஷ கான்ட்ராக்ட். அவங்க காரணம் சொல்லாம ஒரு மாச நோட்டீஸ்ல அனுப்பலாம், அக்கா போகணும்னா ஆறு மாச நோட்டீஸ், மூணு வருஷத்துக்குள்ள போனா 5 லட்சம் கட்டணும். போனதுக்கப்புறம் ரெண்டு வருஷம் 15 கிலோமீட்டருக்குள்ள எந்த ஸ்கூல்லயும் சேரக்கூடாது. ஒரிஜினல் சர்டிஃபிகேட் எல்லாம் ஸ்கூல்ல ஒப்படைக்கணும். மேனேஜ்மென்ட்டோட எழுத்து அனுமதி இல்லாம எந்த அரசு அதிகாரிக்கும் எந்த தகவலும் தரக்கூடாது.

இது எல்லாத்துக்கும் மேல ஒண்ணு, நான் ரெண்டாவது தடவை படிக்கிறப்போதான் கவனிச்சேன், லெட்டர் ஸ்கூல் லெட்டர்ஹெட்ல இல்ல. ஸ்கூலை நடத்தறது ஒரு சொசைட்டி, லெட்டர் குடுத்தது அதே குடும்பத்தோட ஒரு ப்ரைவேட் லிமிடெட் கம்பெனி, பதவி பேரும் ப்ரின்சிபல்னு இல்லாம "டைரக்டர் அகாடமிக்ஸ்"னு இருந்துச்சு.

யாருகிட்ட வேலை: இதை ஏன் முதல்ல எடுத்தோம்

இங்க கொஞ்சம் சட்டம் சொல்லணும். டெல்லியில இருக்கற அங்கீகாரம் பெற்ற தனியார் ஸ்கூல்களுக்கு 1973ம் வருஷ டெல்லி ஸ்கூல் எஜுகேஷன் ஆக்ட்னு ஒண்ணு இருக்கு. அதுல செக்ஷன் 8(2) படி கல்வித்துறை டைரக்டரோட முன் அனுமதி இல்லாம ஸ்கூல் ஊழியரை வேலைய விட்டு தூக்க முடியாது. அன்எய்டட், அதாவது அரசு நிதி வாங்காத ஸ்கூலுக்கு இது பொருந்தாதுன்னு ரொம்ப நாள் ஓடிட்டு இருந்துச்சு, 2016ல ஒரு ஸ்கூல் டிரைவரோட கேஸ்ல பொருந்தும்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. செக்ஷன் 8(3) படி மூணு மாசத்துக்குள்ள டெல்லி ஸ்கூல் ட்ரிப்யூனலுக்கு அப்பீல் போகலாம். செக்ஷன் 10 படி சம்பளம் அரசு ஸ்கூல் அளவுக்கு குறையக்கூடாது.

இந்த பாதுகாப்பு எல்லாம் ஸ்கூல் ஊழியருக்கு. கம்பெனி ஊழியர்னு கையெழுத்து போட்டுட்டு பின்னாடி நான் உண்மையில ப்ரின்சிபல் வேலைதான் பார்த்தேன்னு நிரூபிக்கலாம்தான், ஆனா அதுவே தனியா ஒரு கேஸ், பல வருஷம் இழுக்கும். அதனால காசை ஓரமா வச்சுட்டு முதல் கேள்வியா இதை வைக்கலாம்னு முடிவு பண்ணோம். அக்காவுக்கு இதுல தயக்கம், 'ஆரம்பத்துலயே வக்கீல் மாதிரி பேசறாளேன்னு நினைப்பாங்களே'ன்னு. அதனால சட்டத்தை இழுக்காம கேட்க சொன்னேன். சிபிஎஸ்இ ரெகார்ட்ல ப்ரின்சிபல்னு என் பேர்தான் போகும், ஸ்கூல் மேனேஜிங் கமிட்டியில மெம்பர் செக்ரட்டரியா நான்தான் உக்காரணும், போர்டு எக்ஸாம் சென்டர் வந்தா பொறுப்பு என்னோடது, அப்போ என் நியமனமும் ஸ்கூல்ல இருந்துதானே வரணும், செலக்ஷன் கமிட்டி வச்சு, கல்வித்துறை நாமினியோட. இவ்வளவுதான் கேட்டாங்க.

பதில் வர மூணு வாரம் ஆச்சு. நடுவுல ஹெச்ஆர்ல இருந்து ரெண்டு போன், "மேம், பழைய ஸ்கூல்ல ரிசைன் பண்ணிட்டீங்களா, சேர்மன் கேக்கறாரு"ன்னு. கையெழுத்தான நியமன உத்தரவு வராம ராஜினாமா கிடையாதுன்னு அக்கா ஒரே பதிலை ரெண்டு தடவையும் சொன்னாங்க. அந்த மூணு வாரம் அவங்க சரியா தூங்கல, இந்த வாய்ப்பு போச்சுன்னே நினைச்சாங்க, வீட்டுக்காரரும் எதுக்கு இவ்ளோ பிடிவாதம்னு கேட்டாரு. அப்புறம் ஒத்துக்கிட்டாங்க. செலக்ஷன் கமிட்டி கூடி, ஸ்கூல் மேனேஜிங் கமிட்டி பேர்லயே உத்தரவு, நிரந்தர வேலை, ஒரு வருஷ ப்ரொபேஷன். மூணு வருஷ கான்ட்ராக்ட் அதோட போச்சு.

காசு பேசினது

ஸ்கூல்ல நியமனம்னு ஆனதுமே அரசு ஸ்கூல் ப்ரின்சிபலுக்கு உள்ள லெவல் 12 சம்பளம் தானா வந்துச்சு. பேசிக் 83,600, அது மேல டிஏ, ஹெச்ஆர்ஏ, டிராவல், மிச்சத்தை ஸ்பெஷல் அலவன்ஸா போட்டு மாசம் நிச்சயமா 2 லட்சத்து 15 ஆயிரம்.

வேரியபிள் ஆறு லட்சத்துல பாதி புது அட்மிஷன் எண்ணிக்கையோட கட்டியிருந்தாங்க. அக்கா அதை ஒரேயடியா மறுத்துட்டாங்க, இது நான் சொல்லிக்குடுத்தது இல்ல. நர்சரி அட்மிஷன்ல கல்வி உரிமை சட்டப்படி 25 சதவீத சீட் ஏழைக் குழந்தைகளுக்கு, எத்தனை சீட் காசா மாறுதுன்னு பார்த்து எனக்கு போனஸ்னா நான் எப்படி அந்த ரூம்ல உக்காந்து நியாயமா இருப்பேன்னு நேரா சேர்மன்கிட்டயே கேட்டாங்க. அவர் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலயாம். கடைசியில வேரியபிள் மூணு லட்சமாச்சு, டீச்சர்கள் வேலைய விடாம இருக்கறது, பாதுகாப்பு ஆடிட், டீச்சர் ட்ரெய்னிங் இதுகளோட கட்டி, ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 30க்குள்ள இலக்கை எழுத்துல தரணும்னு போட்டாங்க.

பிஎஃப்ல தோத்தோம், 1,800க்கு மேல வரமாட்டேன்னுட்டாங்க. கார், டிரைவர் கிடைச்சுது, மயூர் விஹார்ல இருந்து துவாரகான்னா ப்ளூ லைன் மெட்ரோல ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், அதனால அது பெரிய விஷயம். பையனுக்கு ஃபீஸ் முழு சலுகை, "பணியில் இருக்கும் வரை"ன்னு ஒரு வரி. அந்த வரியை நான் சரியா படிக்கல.

வெளிய போற ஷரத்து

இதுலதான் ரொம்ப நேரம் போச்சு. நோட்டீஸ் ரெண்டு பக்கமும் மூணு மாசம்னு ஆச்சு, அக்கா போனா செஷன் முடிவுல போகணும்னு அவங்க கேட்டது நியாயம், ஒத்துக்கிட்டோம். 5 லட்சம் பாண்ட் 2 லட்சமா குறைஞ்சு, ரெண்டு வருஷத்துல படிப்படியா கரைஞ்சு போற மாதிரி எழுதினாங்க. காண்ட்ராக்ட் ஆக்ட் செக்ஷன் 74 படி எழுதின தொகை முழுசும் தானா அவங்களுக்கு சேராது, நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும், ஆனா அதை நம்பி பெரிய தொகைக்கு கையெழுத்து போடறது தப்புன்னு அன்னிக்கே நினைச்சேன். 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட் ஒரு பொதுத்துறை பேங்க்கோட 2 லட்ச ரூபாய் பாண்ட் செல்லும்னு தீர்ப்பு குடுத்தப்போ அந்த எண்ணம் இன்னும் உறுதியாச்சு.

15 கிலோமீட்டர் ஷரத்து வேலைய விட்டதுக்கப்புறம் செல்லாது, 1872 காண்ட்ராக்ட் ஆக்ட் செக்ஷன் 27 தெளிவா இருக்கு. செல்லாததுதானேன்னு விட்டுடலாமான்னு அக்கா கேட்டாங்க. வேண்டாம்னேன், ஏன்னா கோர்ட்ல செல்லாதது கூட அடுத்த ஸ்கூல் சேர்மனை ஒரு போன்ல பயமுறுத்த போதும். எடுத்தாங்க. பதிலுக்கு ஒரு வருஷம் அந்த ஸ்கூல் டீச்சர்களை கூட்டிட்டு போகமாட்டேன்னு அக்கா எழுதிக் குடுத்தாங்க. ஒரிஜினல் சர்டிஃபிகேட் தரமாட்டேன், காட்டறேன், நகல் எடுத்துக்கோங்கன்னதுக்கு யாரும் பெருசா சண்டை போடல.

அரசு அதிகாரிக்கு தகவல் தரக்கூடாதுங்கற வரிக்கு மட்டும் நான் ரொம்ப அழுத்தம் குடுத்தேன். போக்சோ சட்டம் (குழந்தைகளை பாலியல் குற்றங்கள்ல இருந்து பாதுகாக்கற சட்டம்) செக்ஷன் 19 படி குழந்தைக்கு எதிரா குற்றம் நடந்திருக்கும்னு தெரிஞ்சாலோ நடக்க வாய்ப்பு இருக்குன்னு பட்டாலோ போலீஸ்ல சொல்லியே ஆகணும், தனக்கு கீழ வேலை பார்க்கறவங்க சம்பந்தப்பட்டதை நிறுவனத்துக்கு பொறுப்பா இருக்கறவங்க மறைச்சா செக்ஷன் 21ல ஒரு வருஷம் வரை ஜெயில். சேர்மனோட அனுமதிக்கு காத்திருந்தேன்னு சொல்லி ப்ரின்சிபல் தப்பிக்க முடியாது. அதனால "சட்டப்படி செய்ய வேண்டிய புகார்களுக்கு முன் அனுமதி தேவையில்லை, நல்லெண்ணத்தில் செய்த பணிக்காக வரும் வழக்குச் செலவை பள்ளி ஏற்கும்"னு ரெண்டு வரி சேர்த்தோம்.

2023 ஜனவரி கடைசியில கையெழுத்து. அதுக்கப்புறம்தான் பழைய ஸ்கூல்ல ராஜினாமா, மூணு மாச நோட்டீஸை ரெண்டா குறைச்சு குடுத்தாங்க, 19 வருஷத்துக்கு கிராஜுவிட்டி 12 லட்சத்துக்கு மேல, 30 நாளுக்குள்ள வந்துடுச்சு. தனியார் ஸ்கூல் டீச்சருக்கு கிராஜுவிட்டி கிடையாதுன்னு இன்னும் சில பேர் சொல்லிட்டு திரியறாங்க, 2009 திருத்தத்தை 2022ல சுப்ரீம் கோர்ட்டும் உறுதி பண்ணிடுச்சு, கேட்டு வாங்குங்க.

சேர்ந்த பிறகு

முதல் வருஷம் நல்லா போச்சு, ப்ரொபேஷன் முடிஞ்சு கன்ஃபர்ம் ஆனாங்க, வேரியபிள் முழுசா வந்துச்சு. பையன் பத்தாவது பழைய ஸ்கூல்ல முடிச்சுட்டு 2024 ஏப்ரல்ல பதினொண்ணாவது இங்க சேர்ந்தான், தினம் அம்மா கூட கார்ல.

2024 அக்டோபர்ல ஒரு குழந்தையோட பெற்றோர் ஸ்கூல் பஸ்ல வேலை பார்க்கற ஒருத்தரைப் பத்தி புகார் சொன்னாங்க. விவரம் எழுதமாட்டேன். அக்கா அன்னிக்கே போலீஸ்ல சொல்லிட்டாங்க, சேர்மனுக்கு அதுக்கப்புறம் போன் பண்ணி தெரியப்படுத்தினாங்க. "எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே"ன்னு அவர் சொன்னாராம். அந்த ரெண்டு வரி கான்ட்ராக்ட்ல இருந்ததால எழுத்துல ஒரு மெமோ கூட வரல. ஆனா அதுக்கப்புறம் எல்லாம் மாறிச்சு, புதுசா ஒரு அட்வைசர் வந்து உக்காந்தார், டீச்சர் இன்டர்வியூவுக்கு அக்காவை கூப்பிடல, செக்ல கையெழுத்து போடற அதிகாரம் போச்சு.

2025 ஜனவரியில ஒரு நாள் சாயங்காலம் நாலு மணிக்கு கூப்பிட்டு, டைப் பண்ணி வச்ச ராஜினாமா கடிதத்தை முன்னாடி வச்சாங்க. இப்பவே போட்டுடுங்க, மரியாதையா பிரிஞ்சுக்கலாம்னு. அக்கா கை நடுங்குச்சாம். ஆனா போடல. "வீட்ல பேசிட்டு எழுத்துல பதில் தரேன்"னு எழுந்து வந்துட்டாங்க. வெளிய வந்து கார்லயே எனக்கு போன், அழுதாங்க. அன்னிக்கு ராத்திரி, யார் யார் இருந்தாங்க, என்ன சொன்னாங்கன்னு எழுதி, தன்னோட சொந்த மெயில்ல இருந்து சேர்மனுக்கு அனுப்ப சொன்னேன், அனுப்பினாங்க. இந்த மொத்த கதையில ரொம்ப முக்கியமான நிமிஷம் அந்த ரூம்ல பேனாவை எடுக்காம இருந்ததுதான்னு நான் நினைக்கறேன், ஏன்னா ராஜினாமா எழுதிட்டா செக்ஷன் 8 பாதுகாப்பை பிடிச்சுக்கறது ரொம்ப கஷ்டமாயிடும்.

எப்படி முடிஞ்சுது

இந்த தடவை சர்வீஸ் கேஸ் பார்க்கற ஒரு வக்கீலை வச்சோம். டைரக்டர் அனுமதி இல்லாம அனுப்ப முடியாதுன்னு அவங்க பக்கத்து வக்கீலுக்கும் தெரியும், அதனால ரெண்டு வாரத்துல பேச வந்தாங்க. சண்டை போட்டு உள்ளயே இருக்கலாமான்னு யோசிச்சோம். ஜெயிக்க வாய்ப்பு இருந்துச்சு. அக்கா வேண்டாம்னாங்க, 51 வயசுல என்னை பிடிக்காத இடத்துல குழந்தைகளை எப்படி பாதுகாப்பேன்னு கேட்டாங்க, அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

மார்ச் 31 வரை வேலை, அதுக்கு மேல மூணு மாச சம்பளம் 6 லட்சத்து 45 ஆயிரம், பாண்ட் ஒண்ணும் இல்ல, அனுபவ சான்றிதழோட வாசகம் முன்னாடியே ஒத்துக்கிட்டது, போலீஸ் விசாரணைக்கு அக்கா போகவர, வக்கீல் செலவு எல்லாம் ஸ்கூல் ஏத்துக்கணும். இதெல்லாம் எழுத்துல வந்தப்புறம் ராஜினாமா குடுத்தாங்க. அந்த வருஷ வேரியபிள் மூணு லட்சத்துல பாதிதான் கிடைச்சுது, நடுவுல பிரிஞ்சா என்ன கணக்குன்னு 2023ல நாங்க எழுதல. அஞ்சு வருஷம் ஆகாததால கிராஜுவிட்டி இல்ல.

ரொம்ப வலிச்சது பையன் விஷயம். பதினொண்ணாவதுலயே சிபிஎஸ்இ ரெஜிஸ்ட்ரேஷன் ஆயிடும், பன்னெண்டாவதுக்கு ஸ்கூல் மாத்தறது லேசுல நடக்காது. "பணியில் இருக்கும் வரை"ங்கற வரியால சலுகை ஏப்ரல்ல நின்னுச்சு, ஒரு லட்சத்து 80 ஆயிரம் ஃபீஸ் கட்டினாங்க. அம்மாவை வெளிய அனுப்பின ஸ்கூலுக்கு அந்த பையன் ஒரு வருஷம் தினமும் ப்ளூ லைன்ல போய் வந்தான். அதை நினைச்சா எனக்கு இன்னிக்கும் மனசு கேக்கல, அது நான் படிச்சு சரின்னு சொன்ன வரி.

இப்ப பண்ணா எதை மாத்துவோம்

முதல் தடவையே வக்கீல் வச்சிருப்போம், அப்போ வேண்டாம்னு மிச்சம் பிடிச்சது வேரியபிள்ல மட்டுமே பல மடங்கா போச்சு. பிள்ளை ஃபீஸ் சலுகை "சேர்ந்த படிப்பு முடியும் வரை"ன்னு இருக்கணும். வேரியபிள் நாள் கணக்குல பிரிச்சு தரணும்னு ஒரு வரி. ப்ரின்சிபலோட அதிகாரம் என்னென்ன, செக் கையெழுத்து, டீச்சர் நியமனம், இதெல்லாம் கான்ட்ராக்ட்லயே இருக்கணும், எங்களோடதுல பதவி பேர் மட்டும்தான் இருந்துச்சு, அதனால ஒவ்வொண்ணா பிடுங்கறப்போ சொல்ல ஒண்ணும் இல்ல. மூணு வருஷ கான்ட்ராக்டை நிரந்தரமா மாத்தினது அப்போ சரிதான், ஆனா 2025 நவம்பர் 21ல புது லேபர் கோடு அமலுக்கு வந்ததுல ஃபிக்ஸட் டேர்ம், அதாவது இத்தனை வருஷம்னு கான்ட்ராக்ட்ல இருக்கற ஆளுங்களுக்கு ஒரு வருஷத்துலயே கிராஜுவிட்டி உண்டுன்னு ஆயிடுச்சு, அதனால இனிமே அந்த கணக்கை ரெண்டு பக்கமும் போட்டு பார்க்கணும்.

அக்கா 2025 ஜூலையில நொய்டாவுல ஒரு ஸ்கூல்ல ப்ரின்சிபலா சேர்ந்தாங்க. அது உத்தரப்பிரதேசம், டெல்லி ஆக்ட் அங்க வராது, அதனால அந்த பாதுகாப்பையே ஷரத்தா எழுத சொன்னோம்: காரணம் எழுத்துல, விசாரணை, வெளியாள் ஒருத்தர் தலைமையில கமிட்டி, அதுக்கப்புறம்தான் நீக்கம். விசாரணை ஒத்துக்கிட்டாங்க, வெளியாளுக்கு ஒத்துக்கல, பதிலுக்கு நோட்டீஸை ஆறு மாச சம்பளமா ஏத்தினாங்க. இந்த தடவை சேர்மன் முன்னாடி உக்காந்து ஒவ்வொரு வரியா பேசினது அக்காவேதான், நான் வீட்ல இருந்தேன், முடிச்சுட்டு போன் பண்ணி "பிஎஃப் முழுசுக்கும் வாங்கிட்டேன்டா"ன்னு சொன்னாங்க.